கை எடுத்தால் நிற்கிறது

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிஜி சேலையைக்கூட மாற்றவில்லை. சாப்பாட்டு மேசைமேல் கிடந்த சர்க்யூட் பலகையை இடக்கையால் பிடித்துக்கொண்டு பேட்டரியை மாட்டினாள். எட்டுச் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி ஒலித்தது. எட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

ஸ்டெப் சீக்வென்சர் என்று அதற்குப் பெயர். விளக்குக்கு ஒரு குமிழ். குமிழைத் திருகினால் அந்த இடத்துச் சுருதி மாறும். திருகி வைத்த வரிசையை அது சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தைப் பார்த்துத் தானே செய்தது.

நெய்யாற்றின்கரையில் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் காதைச் சோதிப்பாள், பழுதான கருவிகளைப் பிரித்துச் சரிசெய்வாள். பகலெல்லாம் தொண்டை வறள உரக்கப் பேச வேண்டியிருக்கும். ஊரான காரோட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஒரு சொல் பேச ஆளிருக்காது. அம்மை இறந்தபின் வீட்டில் அவள் மட்டும்தான்.

தம்பி ஜிஜோ அயர்லாந்தில் நர்ஸ். போன மாதம் வீடியோவில் பேசும்போது இந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஓடினா ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அதுக்கு மேல நான் கிட்டார் வாசிக்கேன்" என்றிருந்தான். அவன் அதைச் சொன்னதை ஞாபகம் வைத்திருப்பானோ என்னவோ, இவள் ஒருநாளும் மறக்கவில்லை.

இன்றைக்கு ஓடுகிறது. உடனே அவனை வீடியோவில் கூப்பிட்டாள்.

"எலே, பாரு, ஓடுது!" என்று சொல்லி, இடக்கையைப் பலகையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக் காட்டினாள். மூன்றாவது விளக்கில் நின்றுபோனது. ஒரே சுருதி நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"நின்னு போச்சே அக்கா."

"இப்ப ஓடிச்சுலே! நீ பாக்கல்லியா?"

"பேட்டரி தீந்திருக்கும். எனக்கு டியூட்டிக்கு எறங்கணும். செரியானா அனுப்பு, என்னா?"

போன் அணைந்தது. பிஜி பலகையைக் கையிலெடுத்தாள். விளக்குகள் மறுபடி ஓடத் தொடங்கின.

கீழே வைத்தால் நின்றது. எடுத்தால் ஓடியது. "என்ன கூத்தாக்கும் இது" என்று வாய்விட்டே சொன்னாள். தன் குரல் அந்த அறையில் அத்தனை சத்தமாகக் கேட்டது அவளுக்கே ஒருமாதிரி இருந்தது.

புது பேட்டரி போட்டாள். மாற்றமில்லை. தாளத்துக்குத் துடிப்பு தருகிற ஐ.சி.யில், அந்தச் சின்னக் கறுப்புச் சில்லில், இயர்போன் கம்பியை வைத்துக் கேட்டாள். டிக், டிக் என்று ஒழுங்காகத்தான் அடித்தது. அப்படியானால் துடிப்பை எண்ணி விளக்கை நகர்த்துகிற அடுத்த ஐ.சி.தான். அதைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு வேறொன்று மாட்டினாள். அதுவும் நின்றது.

மீட்டரை எடுத்து, கறுப்புக் கம்பியை பேட்டரியின் மைனஸில் வைத்துக்கொண்டு, சிவப்புக் கம்பியால் அந்த ஐ.சி.யின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒரு காலைத் தொட்டதும் விளக்குகள் ஓடின. கம்பியை எடுத்தாள், நின்றன. அது 'நில்' என்று கட்டளை வாங்குகிற கால். மைனஸோடு இணைந்திருந்தால் சும்மா இருக்கும்; மீட்டர் வழியாக இப்போது அந்த இணைப்புத்தான் கிடைத்தது. எதிலும் இணையாமல் விட்டால் காற்றிலிருக்கிற மின்சாரத்தையெல்லாம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அதை ஈயம் வைத்து மைனஸில் ஒட்டியது அவளேதான். கடையில் பயன்படுத்துகிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பலகையின் அடியைப் பார்த்தாள். ஈயம் பளபளவென்றுதான் உட்கார்ந்திருந்தது. ஆனால் சாக்கெட்டின் காலைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம். ஈயம் காலைப் பிடிக்கவே இல்லை. இத்தனை நேரமும் அடியில் பட்ட இவள் விரல்கள்தான் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

சால்டரிங் இரும்பைச் சூடாக்கி, பழைய ஈயத்தை உருக்கியெடுத்து, புதிதாக வைத்தாள். ஆறியதும் பேட்டரியை மாட்டிவிட்டு, பலகையை மேசையில் வைத்துக் கையை விலக்கினாள். ஓடியது. இரண்டடி பின்னால் போனாள். ஓடியது. சுவரோரம் போய் நின்று பார்த்தாள். அவளைச் சட்டை செய்யாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

வீடியோ எடுத்து ஜிஜோவுக்கு அனுப்பினாள். பிறகுதான் பசி தெரிந்தது. அடுக்களைக்குப் போய் மரச்சீனிக் கிழங்கு வேகவைக்க அடுப்பைப் பற்றவைத்தபோது, அந்த எட்டுச் சுருதிகளும் முன்னறையிலிருந்து கேட்டன. தண்ணீர் ஊற்றப்போன கை நின்றது. அவள் இங்கிருக்க, வேறொரு அறையில் ஒரு சத்தம். எத்தனையோ காலமாக இந்த வீட்டில் அவள் எழுப்பாமல் எழுந்த சத்தமே இல்லை. கண் நிறைந்தது. ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மதிலுக்கு அப்பால் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஷியாமளா எட்டிப் பார்த்தாள்.

"பிஜி, ஆரு வந்திருக்கா? பாட்டெல்லாம் கேக்குது?"

"ஆருமில்ல அக்கா. நான் உண்டாக்கினதாக்கும்."

"ஓ. ஜிஜோ பிள்ளையளக் கூட்டிட்டு வந்தாச்சோன்னு நெனச்சேன்." ஷியாமளா துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜிஜோவின் பதில் மறுநாள் காலை பாறசாலையில் பஸ் ஏறும்போது வந்தது. உயர்த்திய ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான். கீழே வேறேதும் வருமோ என்று அமரவிளை தாண்டும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈயம் ஒட்டாமல் போனதையும், அதைக் கண்டுபிடித்த விதத்தையும் நீளமாக எழுதினாள். டியூட்டி முழுக்க நின்று வேலை பார்த்தவன் இதை எங்கே படிக்கப்போகிறான்? எல்லாவற்றையும் அழித்தாள்.

"சாப்பிட்டியா மக்கா?" என்று மட்டும் அனுப்பிவிட்டு, நெய்யாற்றின்கரையில் இறங்க எழுந்தாள்.