படத்துக்கு ஒரு கொண்டை

என் தங்கை சௌந்திரத்தைக் கட்டிய பாலசுந்தரத்துக்குக் காடு தோட்டத்தில் குறைவில்லை, புத்தியில்தான் பஞ்சம். மேட்டூர் அணை வேலைக்கு வந்த துரைமார்களின் பிள்ளைகளுக்காக ஓர் அமெரிக்காக்காரி அங்கே பள்ளிக்கூடம் நடத்தினாள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். பிரம்பு கிடையாது, மணலில் விளையாடுவதும் பாடமாம். வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். அதில் தன் மகன் சின்னராஜையும் நுழைத்துவிட மாப்பிள்ளை நெய்யும் கோழியும் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் அந்த வாசலில் நின்றார். ஜலகண்டாபுரம் சந்தையில் எவனுக்கும் கும்பிடு போடாத மனிதர், அங்கே சமையல்காரனைக் கண்டாலும் துண்டை இடுப்பில் கட்டினார்.

ஒருநாள் அந்த அம்மாள் வெளியே வந்தாள். பையனின் உச்சிக்கொண்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். திங்கட்கிழமை கூட்டிவரச் சொன்னாள்.

அந்தக் கொண்டை மாரியம்மனுக்கு நேர்ந்தது. அம்மை போட்டுப் பையன் கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் ஏழு வயதுவரை கத்தி படாமல் வளர்த்து, தாய்மாமன் என் மடியில் உட்காரவைத்து மொட்டை போடுவதாகச் சௌந்திரம் வேண்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று. அம்மாள் சிரித்தது கேலியாகத்தான் என்று அவராகவே முடிவு கட்டி, யாரிடமும் கேட்காமல் பையனைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் கிராப்பு வெட்டிவிட்டார். சாமி முடி, முடிவெட்டும் கடைக்காரனின் விளக்குமாற்றோடு போயிற்று. தங்கை சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளை அறைந்திருப்பேன். மாப்பிள்ளை முறை கையைக் கட்டிப்போட்டது.

திங்கட்கிழமை கிராப்புத் தலையைக் கண்டதும் அம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. கொண்டை வைத்த பையன் ஒருவனை வெள்ளைப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்துப் படம் பிடித்து, தன் தேசத்துக்கு அனுப்பி நன்கொடை கேட்க நினைத்திருந்தாளாம். முடி வளர்ந்ததும் வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவள் தர்மம் அந்த லட்சணத்தில் இருந்தது.

மானமுள்ளவன் அத்தோடு விட்டிருப்பான். இவர் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்து சொன்னார்: "சௌந்திரம், முடிய மறுக்கா வளத்திப்போடு. எடம் உறுதியாயிருச்சு."

அவள் வண்டி பூட்டச் சொல்லி, பையனைத் தூக்கிக்கொண்டு என்னோடு மாரியம்மன் கோயிலுக்கு வந்தாள். என் மடியில் உட்காரவைத்து மிச்சமிருந்ததையும் வழிக்கச் சொன்னாள். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை அந்த மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, யாரைக் கேட்டுச் செய்தாய் என்று பாய்ந்தார்.

"நீங்க ஆரைக் கேட்டீங்க?" என்றாள் சௌந்திரம். "அது ஆத்தாளோட தலைங்க. இனி வளர வளர மொட்டைதான்."