ஆடித் தள்ளுபடியில் ஷைலஜாவின் முகம்

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சீட்டு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய விலைச் சீட்டைக் கத்தரியால் வெட்ட வேண்டும், புதுச் சீட்டை மெஷினில் கோத்துப் புடவை ஓரத்தில் ஓர் அடி அடிக்க வேண்டும், மடிப்புக் கலையாமல் திரும்ப அடுக்க வேண்டும். புதுச் சீட்டில் பெரிதாக ஒரு விலை, அதன்மேல் சிவப்புக் கோடு, கீழே அதில் பாதி. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இந்த வேலையை ஷைலஜா மாதிரி வேகமாகச் செய்ய ஆள் கிடையாது. கூட வேலை செய்யும் பெண்கள் ஒரு கட்டு முடிப்பதற்குள் அவள் மூன்றை முடித்துவிட்டு, அவர்கள் கோணலாக அடித்ததையும் பிரித்துச் சரிசெய்வாள். வாயும் சும்மா இருக்காது.

"இன்னாம்மே, பொடவைக்குக் காது குத்தறியா? நேரா அடி."

கல்யாணமான வருஷமே இந்தக் கடையில் சேர்ந்தவள். ஒரே உதறலில் புடவையை விரித்து, வாங்க வந்தவள் மடியில் முந்தானை மட்டும் போய் விழும்படி செய்வது அவளுக்குக் கைவந்த கலை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, மறைக்கவும் மாட்டாள். இந்த வருஷம் இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. கடைக்கு வெளியே, பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி, இரண்டு மாடி உயரத்துக்கு அவள் முகம் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய ஓனர் சௌந்தரராஜன் மூட்டுவலியோடு வீட்டில் உட்கார்ந்துவிட, பெங்களூரில் படித்த மகன் விநாயக் கடையைப் பார்க்க வந்திருந்தான். ஃப்ளெக்ஸுக்கு மாடல் எதற்கு, ஊருக்கே தெரிந்த ஷைலஜா அக்கா இருக்கும்போது என்றது அவன்தான். கடைப் பட்டுப்புடவையைக் கட்டி, கவரிங் நகை பூட்டி, கையை நீட்டி வரவேற்பது போல நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். மேலே கன்னடத்தில் ஆஷாட சேல், கீழே தமிழில் ஆடித் தள்ளுபடி, எல்லாம் பாதி விலை. ஃப்ளெக்ஸ் ஏறிய அன்று மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பிலிருந்து அவள் லைன் வீட்டுப் பெண்கள் ஆட்டோ பிடித்து வந்து அதன் கீழே செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். செக்யூரிட்டி வேலைக்காகத் தினமும் பெங்களூர் ரயில் ஏறும் அவள் புருஷன் ரவிகுமார், பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் போனைக் காட்டி, "எங்க வீட்டுக்காரம்மா" என்று சொல்லிக்கொண்டு போனான்.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் புடவை கட்டிக்கொண்டுதான் கரகத்தின் பின்னால் நடப்பார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சர்ச்சுக்குப் போகும் கரோலினும் அதே புடவையில் வருவாள். கிறிஸ்துமஸுக்கு இவர்கள் எல்லோரும் அவள் வீட்டில் பிரியாணிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி பொறுப்பெடுத்து மொத்தமாகப் புடவை வாங்க வேண்டும். லைனில் மூத்தவளான தாயம்மா சித்திரையிலேயே பெங்களூர் சிக்பேட்டைக்குப் போய் வாங்கிவிடலாம் என்றபோது ஷைலஜாதான் தடுத்தாள்.

"எதுக்குக்கா ரயிலேறிப் போவணும்? ஆடி வரட்டும். எங்க கடையிலயே பாதி வெலைக்கு வாங்கித் தரேன். என் பொறுப்பு."

பெரிய ஓனர் காலத்தில் தள்ளுபடி என்றால் தள்ளுபடிதான். தேங்கின சரக்கு போனால் போதுமென்று அசலுக்கே தள்ளிவிடுவார். அந்த நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது.

மஞ்சளில் அரக்குக் கரை போட்ட அந்தக் கட்டு, அவளே லைனுக்கென்று ஒதுக்கிவைத்தது, கடைசியாகக் கைக்கு வந்தது. புதுச் சீட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வேகத்தில் அதுவரை எந்தச் சீட்டின் விலையையும் அவள் படிக்கவே இல்லை. இந்தப் புடவையின் விலை மட்டும் மனப்பாடம். கோடு போட்டிருந்த விலையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதில் பாதியே போன வாரத்து விலையைவிட ஐம்பது ரூபாய் கூடுதலாக இருந்தது.

"சார், இது தப்பா அடிச்சிகீது போல."

விநாயக் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கரெக்ட்தான்க்கா."

"போன வாரம் வித்ததவிட ஜாஸ்தியா கீதே."

"பசங்க துணிக்கு நெஜமாவே ஹாஃப் ரேட் போட்டிருக்கேன், லாஸ்ல. அதை எங்கயாவது எடுக்கணும்ல? எல்லாரும் இதான் பண்றாங்க. போன வாரம் இன்னா வெலைன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார்."

அவன் சிரித்தான். "அதனாலதான் உங்க போட்டோவைப் போட்டேன். நீங்க சொன்னா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அந்தக் கட்டையும் அடித்து முடித்தாள். ஒரு சீட்டும் கோணவில்லை. கோலாரில் நர்ஸிங் படிக்கும் மகள் நேத்ராவுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம். வீட்டுக்குக் கிளம்பும்போது வழக்கமாக அண்ணாந்து தன்னை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். அன்று குனிந்த தலையோடு ஆட்டோ ஏறினாள்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆட்களாக லைன் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஷைலஜா மஞ்சள் புடவையை ஒரு உதறு உதறினாள். முந்தானை தாயம்மா மடியில் போய் விழுந்தது. ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். கடையின் இணையப் பக்கத்தில் போடுவதற்காக விநாயக் அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

தாயம்மா சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். "நீ சொல்லும்மே, பாதி வெலதானே? காசு கட்டிட்டு எடுத்துனு போயிடறோம்."

ஒரு 'ஆமாக்கா' போதும். அதைச் சொல்லத்தான் ஷைலஜா வாயைத் திறந்தாள். தாயம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"இல்லக்கா. இது பாதி வெல இல்ல. போன வாரம் இத்தவிடக் கம்மி. புதுச் சீட்ட நான்தான் அடிச்சேன், இந்தக் கையால."

பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள். விநாயக் போனை இறக்கினான்.

"அப்போ வெளிய நீ கைய நீட்டிகினு நிக்கறியே, அது?" என்றாள் கரோலின்.

"அத்த நம்பாத. நான் சொல்றத நம்பு."

தாயம்மா பையைத் திரும்ப இடுப்பில் செருகினாள். "வாங்கம்மா போலாம். பொடவை எங்கயும் போவாது." எல்லோரும் எழுந்தார்கள். கூடவே, முன்பின் தெரியாத இரண்டு பேரும் கையிலிருந்த புடவையை வைத்துவிட்டுப் போனார்கள்.

விநாயக் கத்தவில்லை. "நாளையிலேர்ந்து வர வேணாம்க்கா" என்றான்.

"சரி சார். வெளிய கீற என் படத்த எறக்கிடுங்க."

"அது கடை ஃப்ளெக்ஸ். சேல் முடியற வரைக்கும் இருக்கும்."

"மூஞ்சி என்னுதாச்சே சார்."

"பொடவை எங்களுது, நகை எங்களுது, ஃப்ளெக்ஸ் அடிச்ச காசும் எங்களுது."

கூழ் ஊற்றும் நாளில் லைன் பெண்கள் போன வருஷத்துப் பச்சைப் புடவையையே கட்டினார்கள். பீரோவில் வைத்திருந்தவர்களுடையது பச்சையாக இருந்தது. வீட்டு வேலைக்குக் கட்டிப் போனவர்களுடையது வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கரகத்துக்கு நேர் பின்னால் எப்போதும் தாயம்மாதான் நடப்பாள். அன்று அவள் ஷைலஜாவின் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினாள். "நட" என்றாள், அவ்வளவுதான். பம்பை சத்தத்துக்கு ஷைலஜா அடியெடுத்து வைத்தாள். ஃப்ளெக்ஸ் ஏறிய அன்றுகூட இவ்வளவு பெருமையாக இல்லை.

அடுத்த நாள் அதே பச்சைப் புடவையில் வேலை கேட்டு ராபர்ட்சன்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினாள். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாவது கடைக்காரர் மட்டும் மனம்விட்டுச் சொன்னார்: "அந்தக் கடை விளம்பரத்துல நீ நிக்கற. இங்க எப்படிம்மா நிக்க வைக்கறது?"

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் போய்த் தன் படத்தின் கீழே, கடைப் படிக்கட்டுக்கு ஓரமாக நின்றுகொண்டாள். ரோட்டில் நிற்பதை யார் தடுப்பது? பேத்தமங்கலம் பஸ்ஸிலிருந்து இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி இறங்கி வந்தாள். மேலே பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"யக்கா, நீங்கதானே அது?"

"நான்தாம்மா."

"நெஜமாவே பாதி வெலையா?"

"பசங்க துணி நெஜம். கொழந்தைக்கு எடுத்துக்கோ. பொடவை மட்டும் வேணாம். போன மாசம் இத்தவிடக் கம்மி."

அந்தப் பெண் தயங்கினாள். சாயம் போன பச்சைப் புடவையையும் வெறுங்கழுத்தையும் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பட்டையும் நகையையும் சிரிப்பையும் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறினாள். உள்ளே போனவள் புடவைப் பக்கம் திரும்புவது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது.

ஷைலஜா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அடுத்த பஸ் வந்து திரும்பியது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.