பெரிலின் அம்மா சாகவில்லை

ரிஸ்பர் செத்துப்போன சேதி அவளுக்கே ஒரு சந்தை நாள் காலையில்தான் தெரிந்தது. ஏரிக்கரையில் வலையை விரித்து ஒமேனாப் பொடிமீனைக் காயப்போட்டுக் கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வலை என்னுடையது. அவள் முகம் மாறியதை முதலில் பார்த்தவள் நான்தான்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏரி பொங்கிய வருஷம் எங்கள் வீடுகள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. வடிந்துவிடும், வடிந்துவிடும் என்று பார்த்தோம். வடியவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் அடித்துக் கிடந்தோம். ரிஸ்பரின் புருஷன் மொம்பாசாவுக்கு வேலைக்குப் போனவன். போனவன் போனவன்தான். அவளுக்கு ஒரே பெண், பெரில். பிள்ளை பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எங்களிடம் இல்லை. ஊருக்கெல்லாம் அவள் பெரிலம்மா.

அந்தக் கூடாரத்துக்குத்தான் பாஸ்டர் ஹெஸ்போன் வந்தார். மேட்டுச் சாலையில் குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர். மழைக்காலத்துச் சேற்றில் நடந்து வந்தும் சப்பாத்தில் ஒரு துளி சேறு இல்லை. எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"பச்சப்புள்ளைங்க இந்த ஈரத்துல கிடக்கணுமாம்மா? படிப்பு, சாப்பாடு, யூனிஃபார்ம் எல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கோங்க. உங்க பிள்ளை உங்க பிள்ளைதான்."

உங்க பிள்ளை உங்க பிள்ளைதான். அந்த வார்த்தையை நம்பித்தான் ரிஸ்பர் அனுப்பினாள். வீடு கட்டியதும் கூட்டி வந்துவிடுவதாகப் பெரிலிடம் சொன்னாள். சர்ச் முடிந்ததும் வறுத்த கடலையைத் துணியில் முடிந்துகொண்டு மேடு ஏறுவாள். ஒரு ஞாயிறு தவறியதில்லை.

பிறகு ஒரு ஞாயிறு கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "இந்த மாசம் பெத்தவங்க யாரும் வரக்கூடாதும்மா. வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க" என்றான் காவல்காரன். கடலையை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தாள். அவன்தான் தின்றிருப்பான்.

வந்திருந்தவர்கள் படம் எடுக்கிறவர்கள். சம்பளம் இல்லாமல், சொந்தச் செலவில் வந்த தன்னார்வலர்களாம். இங்குள்ள இல்லங்களைப் படம்பிடித்துக் கொண்டுபோய்த் தங்கள் ஊரில் காட்டினால் அங்கிருக்கிறவர்கள் மனம் இளகி உதவுவார்களாம். தலைவி ஃப்ரேயா என்ற பெண், முப்பது வயதுகூட இருக்காது. கேமரா ஒரு தாடிக்காரன் கையில். பேச்சைப் பெயர்த்துச் சொல்ல கிசுமு நகரத்திலிருந்து ஒடுவோர் என்ற எங்கள் பக்கத்துப் பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன்.

கெட்டவர்கள் இல்லை. சிரித்துப் பேசினார்கள், எங்கள் உகாலிக் களியைக் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

அந்தச் சந்தை நாள் காலையில் கரைக்கு வந்தார்கள். ரிஸ்பர் மீன் புரட்டுவதை எடுக்கலாமா என்று ஒடுவோர் கேட்டான். முகம் வராதாம், கை மட்டும்தானாம்.

"கை மட்டுமா?" என்றேன் நான். "ஏன்டி பெரிலம்மா, உன் மூஞ்சி அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"உன் மூஞ்சியக் காட்டினா கேமரா உடைஞ்சிடும் கொன்சொலாதா, பேசாம இரு" என்று சிரித்தாள் அவள். அன்றைக்கு அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

எடுத்து முடித்ததும் தாடிக்காரன் நல்ல மனசோடுதான் கேமராவின் சின்னத் திரையை அவளிடம் நீட்டினான். தன் கையைத் தானே பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் இன்னும் காட்டுகிற உற்சாகத்தில், முன்பு எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான். ஏரி, படகு, சர்ச், பிள்ளைகள்.

"பெரில்!" என்று கத்தினாள். "கொன்சொலாதா, ஓடி வா, எம் பொண்ணு!"

ஓடினேன். நீலச்சட்டை போட்டுக்கொண்டு பெரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர். எங்கள் மொழியில்தான் பேசினாள். யாரும் பெயர்த்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"எங்கம்மா ஏரி வெள்ளத்துல முழுகிச் செத்துப் போயிட்டாங்க. எனக்கு யாரும் இல்ல. பாஸ்டர்தான் எனக்கு அப்பா அம்மா எல்லாம்."

தாடிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை அழகாகப் பேசுகிறாள் இல்லையா என்பதுபோல் எங்களைப் பார்த்துத் தலையாட்டினான்.

ரிஸ்பர் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். ஒடுவோரைத்தான் பார்த்தாள். "தம்பி, இதை எப்ப எடுத்தீங்க?"

"நேத்துமா."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லித் தரலம்மா. அந்தப் பொண்ணு தானாத்தான்…"

"நான்தான் அவ அம்மா."

ஒடுவோர் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். ஃப்ரேயாவிடம் ஆங்கிலத்தில் சொன்னான். அவள் ரிஸ்பரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். ஒடுவோர் அதைப் பெயர்க்கத் தயங்கினான்.

"சொல்லுடா."

"வேற குழந்தையா இருக்கும்னு சொல்றாங்கம்மா. பிள்ளைங்க எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கறதால…"

"நான் பெத்ததை எனக்கே அடையாளம் காட்டறாளா அவ?" என்று ரிஸ்பர் எழுந்தாள். கையிலிருந்த மீன் செதிலைக்கூடத் துடைக்கவில்லை. நேராகப் போய் அவர்கள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வண்டியை எடுக்கச் சொல்லு. மேட்டுக்கு."

நானும் ஏறினேன். என் மீன், அவள் மீன் எல்லாம் கொக்குகள் பாடு. வழியெல்லாம் ஃப்ரேயா கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் மேல் அடித்த மீன்வாடையா, வேறு ஏதாவதா, தெரியாது.

படக்காரர்கள் வேன் என்பதால் காவல்காரன் சலாம் போட்டுக் கேட்டைத் திறந்தான். முற்றத்தில் பிள்ளைகள் எல்லாம் நீலச்சட்டையில் வரிசையாக நின்று பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் கையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வேன் கதவு திறந்தது. முதலில் இறங்கியது ரிஸ்பர்.

பாஸ்டருக்குப் பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டது. "அடடே, பெரிலம்மா, இந்த மாசம் வரக்கூடாதுன்னு…" என்று ஆரம்பித்தவர் அவள் பின்னால் இறங்கிய வெள்ளைக்காரியைப் பார்த்ததும் நின்றார்.

ஒடுவோர் ஒரு சொல் விடாமல் பெயர்த்தான். இவளைப் பெரிலின் அம்மா என்றுதான் கூப்பிட்டார், அடிக்கடி வருகிறவளிடம் பேசுவது போலப் பேசினார் என்று சொன்னான். ஃப்ரேயாவின் முகம் சுண்டிப்போனது.

பாஸ்டர் லேசில் அசருகிறவரா? "சித்தி, சித்தி! செத்துப்போன அம்மாவோட தங்கச்சி. எங்க பக்கம் சித்தியையும் அம்மான்னுதான் சொல்லுவோம். பெரில், இங்க வா செல்லம். இவங்க யாரு? இந்த வெள்ளைக்கார அக்காவுக்குச் சொல்லு."

பெரில் வரிசையிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பாஸ்டரைப் பார்த்தாள். அதற்குள் தாடிக்காரன் கேமராவைத் தோளில் ஏற்றிவிட்டிருந்தான். அதைப் பார்த்ததும், சாவி கொடுத்த மாதிரி, அவள் தலை குனிந்தது. கண்ணீர் வந்தது.

"எங்கம்மா ஏரி வெள்ளத்துல முழுகி…"

பெற்றவள் எதிரில் நிற்கிறாள். நான் எத்தனையோ சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தவள். அப்படி ஒரு அழுகையை எங்கும் கேட்டதில்லை. வாய் ஒப்பித்தது, உடம்பு நடுங்கியது.

ரிஸ்பர் இடுப்பில் சுற்றியிருந்த லெஸோத் துணியை உருவிக் கேமரா மேல் வீசினாள். "இறக்குடா அதை!"

ஃப்ரேயா குறுக்கே வந்து கையைக் கூப்பாத குறையாகப் பேசினாள். ஒடுவோர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இது முக்கியமாம். உண்மை வெளிய வரணுமாம். எடுக்க விடுங்கன்னு கேக்கறாங்க."

"உண்மை இதோ நிக்குது! கண்ணால பாக்கச் சொல்லு. அந்தப் பொட்டி வழியாத்தான் கண்ணு தெரியுமா அவளுக்கு? நேத்து எம் புள்ளைய அழவச்சு எடுத்தா. இன்னிக்கு என்னை அழவச்சு எடுக்கணுமா? கேளு அவகிட்ட. இத்தனை பிள்ளைங்க வரிசையா நிக்குதே, ஒருத்திகிட்டயாவது, உன் ஊர் எது, உன் ஜனம் எங்கன்னு கேட்டாளா?"

தாடிக்காரன் கேமராவைத் துணியோடு வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பெரில் நிமிர்ந்தாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக, "கேமரா போயிடுச்சா?"

"போயிடுச்சுடி தங்கம்."

அப்புறம்தான் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

பாஸ்டரின் தேன் குரல் அதோடு வற்றியது. "நன்றி கெட்ட பொம்பளை! கூட்டிட்டுப் போ. அந்தக் கூடாரத்துல என்ன கிழிக்கப் போற? நாளைக்கு நீயே இந்தக் கேட்ல வந்து நிப்ப. இரு, போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடு. செத்தவ வந்து பிள்ளையைக் கடத்திட்டுப் போறான்னு சொல்லு!"

எனக்கும் வாய் இருக்கிறது. அவருடைய சப்பாத்திலிருந்து ஜெபம் வரைக்கும் நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேட்டை நெருங்கும்போது முன்பல் விழுந்த ஒரு சிறுமி பின்னாலேயே வந்து ரிஸ்பரின் பாவாடையைப் பிடித்தாள். "பெரிலம்மா, எங்கம்மாவும் சாகல. ஓயுகிஸ்ல பழைய துணி விக்கறாங்க. நான் இங்க இருக்கேன்னு போய்ச் சொல்றீங்களா?"

"எங்கப்பாவும் இருக்காரு" என்றான் இன்னொருவன். "எங்க மாமா…" என்று மூன்றாவது குரல் கேட்டது. பாஸ்டர் ஒரு தடவை கையைத் தட்டினார். பாட்டுக்குத் தட்டின அதே தட்டு. எல்லாக் குரலும் நின்றது. பிள்ளைகள் வரிசைக்குத் திரும்பிப் போனார்கள்.

அந்த அமைதிதான் எங்களைச் சும்மா இருக்கவிடவில்லை. நானும் ரிஸ்பரும் ஓயுகிஸ் சந்தையில் பழைய துணிக் கடை கடையாகக் கேட்டோம். அந்தச் சிறுமியின் அம்மா கிடைத்தாள். பிள்ளை நைரோபியில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டதும் துணிமூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வழியாக இன்னொருத்தி, அவள் வழியாக ஒரு தகப்பன். ஒடுவோரும் படக்காரர்களை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டான்.

எல்லோருமாகக் குழந்தைகள் நல அதிகாரியிடம் போனோம். நாளைக்கு வாங்க என்றார். வந்தோம். ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். வாசலில் உட்கார்ந்தோம். கருவாட்டுக் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கூட்டம் சீக்கிரமே முடிந்தது. அதிகாரி எங்களோடு ஜீப்பில் மேடு ஏறினார். பெற்றவர்கள் வந்து நின்ற பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வராதவர்களின் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். பாஸ்டர் ஹெஸ்போன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். விசாரணை நடக்கிறதாம். இல்லத்துக்குப் புதுப் பெயர், புதுப் பலகை.

பெரில் எங்களோடு கூடாரத்தில் இருந்தாள், பிறகு ரிஸ்பர் போட்ட தகர வீட்டுக்குப் போனாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். நன்றாகத்தான் இருந்தாள். என் அக்கா மகன் கல்யாணத்தில் யாரோ போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார்கள். எல்லோரும் பல்லைக் காட்டினோம். பெரில் மட்டும் தலையைக் குனிந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஏன்டி அழற? யாரு அடிச்சாங்க?" என்றேன் நான்.

"யாரும் அடிக்கல சித்தி. நல்லா அழுதா சோடா குடுப்பாங்க. அழாதவங்க பாத்திரம் கழுவணும்."

ரிஸ்பர் எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனாள். எதையோ உதைக்கும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை.

மழை தொடங்கும் சமயத்தில் ஒடுவோர் போனோடு கரைக்கு வந்தான். மறுமுனையில் ஃப்ரேயா. படம் முடியப்போகிறதாம். பாஸ்டர் வருகிற பகுதியையே வெட்டிவிட்டார்களாம். அம்மாவும் மகளும் ஏரிக்கரையில் கைகோத்து நடப்பதுபோல் ஒரு காட்சி இருந்தால் முடிவு நன்றாக இருக்குமாம். வந்து எடுக்கலாமா?

"அவர் பகுதியை வெட்டிட்டாளா?" என்றாள் ரிஸ்பர். "அப்போ அவர் செஞ்சது யாருக்கும் தெரியப் போறதில்ல. நாங்க மட்டும் கைகோத்து நடக்கணும்."

"அவங்க ஊர்ல அந்த இல்லத்துக்கு உதவி பண்றவங்க மனசு நோகும்னு…"

"யார் மனசு?"

ஒடுவோர் போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நான் உசுரோட இருக்கேன்னு சொல்ல அவ படம் வேணாம். இன்னும் உள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு அம்மா அப்பா எங்கன்னு வந்து தேடச் சொல்லு. கேமரா இல்லாம வரட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

ஒடுவோர் சொன்னான். ஃப்ரேயா ஏதோ கேட்டாள்.

"அந்த… மீன் புரட்டற கையை மட்டுமாவது படத்துல வச்சுக்கலாமான்னு கேக்கறாங்க."

ரிஸ்பர் என்னைப் பார்த்தாள். "நீயே பேசு கொன்சொலாதா. எனக்கு வாய் கூசுது."

போனை வாங்கினேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், எங்கள் மொழியில், என்னிடமிருந்ததிலேயே பெரியதை. போனைத் திருப்பிக் கொடுத்து, "இதைப் பேர்த்துச் சொல்லுடா" என்றேன்.

"வேணாம் சித்தி," என்றான் ஒடுவோர். "வச்சுட்டாங்க."