ஐந்து நாற்பதுக்கு விழிக்கும் வண்டி

கல்யாணமான மறுநாள் விடிகாலையிலேயே தையல் டீச்சருக்குத் தூக்கம் கலைந்தது. ஷெட்டில் நின்ற மின்சாரக் கார், ஆளே இல்லாமல் விழித்துக்கொண்டு, உள்ளே ஏசியை ஓடவிட்டிருந்தது. மணி ஐந்து நாற்பது. கால் மணி நேரம் இரைந்துவிட்டுத் தானாக அடங்கியது. டைமர்தான், தூங்கு என்றார் கணவர். அவர் தூங்கவில்லை.

ஒரு மாதம் தினமும் இதே கதை. அவளுக்கு ஓட்டத் தெரியாது. அவரோ பஸ்ஸில்தான் ஆபீஸ் போவார். பின்னே யாருக்காக வண்டி குளிர்கிறது?

நாத்தனார்தான் விவரம் சொன்னாள். அவருடைய மூத்த தாரம் பிரசவ நர்ஸாம். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த வருஷம், பங்கில் ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஒரு சிசு போய்விட்டது. எங்கேயோ ஒரு கப்பல் வரவில்லையென்றால் இங்கே என் கை கட்டுண்டு போக வேண்டுமா என்று, நகையை விற்று இந்த வண்டியை வாங்கினாள். சார்ஜ் வயரில் இருக்கும்போதே உள்ளே குளிரவைத்தால் வழியில் பேட்டரி மிச்சமாகும் என்று டைமர் போட்டவளும் அவளே. அவள் செத்து இரண்டு வருஷம். வண்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

போனில் கேட்ட தங்கை சிரித்தாள். "உன் சக்களத்தி பரவாயில்லையேக்கா, புகைகூட விடல. புகைச்சலெல்லாம் உனக்குத்தான்."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் உண்டா என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

ஒரு விடியலில் படுக்கையில் அவர் இல்லை. இறங்கிப்போய்ப் பார்த்தாள். ஓடும் ஏசியில், நேரே பார்த்தபடி, ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டி முன்னே தள்ளியிருந்தது. அளவெடுத்தே பழகிய கண் தானாக அளந்தது: ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. முகம் தெரியாதவளின் உயரம் தெரிந்துவிட்டது.

"நான் வந்தது தப்பாங்க?" என்றாள்.

"அவ போட்ட டைமரை அழிச்சுடலாம்னுதான் வந்தேன். விரல் போக மாட்டேங்குது. நீ அழிச்சுடும்மா."

அந்தச் சீட்டில் உட்காராமலே எட்டித் திரையைத் தொட்டாள். நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றாள். இரைச்சல் நின்றது.

மறுநாள் வெயில் முகத்தில் விழும் வரை அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். அவளுக்குத்தான் ஐந்து நாற்பதுக்கு விழிப்பு வந்தது. கேட்காத சத்தமே எழுப்பிவிட்டதுபோல. ஷெட்டுக்குப் போய், முன்தள்ளிய அந்த ஓட்டுநர் சீட் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"போதும்க்கா. இனி நீங்க டூட்டிக்கு ஓட வேண்டாம்."

சொல்லிவிட்டு, இறங்குகிறவருக்கு வழிவிடுவதுபோல், சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.