பழுப்பு நீங்கிய தூள்

ஃபிளாஸ்க்கிலிருந்து சுரண்டிய தூளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததும் மோதிரக்காரிக்குச் சுருக்கென்றது. தூள் பழுப்பாக இருந்தது. தன் கைராசியில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. நீளமாகக் கிடக்கும் மூலக்கூறின் இரு முனைகளையும் பல்லேடியம் என்ற உலோகத்தின் துணையோடு இழுத்துப் பிடித்து வளையமாக மூடுவதுதான் அவள் வேலை. பட்டப்பெயரும் அதனால்தான் வந்தது. அந்த வளையம் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றும் காட்டியிருந்தது. கட்டுரையை அனுப்புவதுதான் பாக்கி. ஆனால் வளையம் வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? இந்தப் பழுப்பு முன்பும் கண்ணில் பட்டதுதான். செல் செத்த சந்தோஷத்தில் யார் நிறம் பார்த்தார்கள்.

மாடியில் செல் வளர்ப்பவள் அவளுடைய நாத்தனார். வாய் சும்மா இருக்காது.

"மாநிறமா இருந்தா என்ன அண்ணி, களையா இருக்குல்ல."

"களை கிடக்கட்டும். கொன்னது என் வளையமா, இல்ல அதுல ஒட்டிக்கிட்டு வந்த பல்லேடியமா? வளையம் இல்லாம வெறும் பல்லேடியத்தக் குடுத்துப் பாரு."

கொடுத்துப் பார்த்தார்கள். செல்கள் கூண்டோடு செத்தன.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் ஆய்வை நடத்தும் மேடத்தின் முன்னால் நிமிர்ந்துதான் நின்றாள்.

"கட்டுரைய இப்ப அனுப்ப வேண்டாம் மேடம். உலோகத்த எடுத்துட்டு மறுபடி பாக்கணும்."

"எடுத்த பிறகு ஒண்ணும் சாகலைன்னா? இத்தனை நாள் உழைப்பும் போச்சே."

"சாகும் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, பாத்துட்டு வா. அதுவரைக்கும் அனுப்பல."

கரைசலைக் கரித்தூள் வழியே விட்டாள். பழுப்பு மங்கியதே தவிர, போவேனா என்றது. பிறகு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகளில் ஊறவிட்டு வடிகட்டினாள். கரைசலை ஆறவிட்டதும் வளையம் உப்பு மாதிரி வெள்ளையாகப் பளிச்சென்று படிந்தது. உலோகம் மிச்சமில்லை என்று கருவியும் சொன்னது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வளையத்தின் உண்மையான முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

அந்த வெள்ளைத் தூளைச் செல்களுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். குறித்த நாள் வந்ததும் நாத்தனார் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். முகத்தில் கேலி இல்லை.

"நீங்களே பாருங்க அண்ணி. ஒண்ணுமே குடுக்காத தட்டையும் பாத்துட்டேன், அதுல எல்லாம் தரையில சுகமா படுத்துக் கிடக்கு, ஒண்ணுகூட உருண்டு சாகல."

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். செல்கள் தட்டின் தரையை அப்பிக்கொண்டு கிடந்தன. தட்டை மெல்ல நகர்த்தினாள்.

ஓரத்தில் ஒரு செல் தன் விளிம்புகளைச் சுருக்கிக்கொண்டு, உருண்டு, தரையிலிருந்து பிடி விட்டு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று உருளத் தொடங்கியிருந்தது.