சைபருக்குக் கீழே என் காணி

என் காணியில் அல்லாஹ்வின் பறக்கத் இல்லை என்று ஊருக்குள் ஒரு கதை. புருஷன் மௌத்தான பிறகு நானே வயலுக்குள் இறங்கினேனாம், அதனால் மண் கோபித்துக்கொண்டதாம். மண்ணுக்கு என்ன கோபம்? கோபம் எனக்குத்தான். இரண்டு மாரி விதைத்தேன். இரண்டு மாரியும் பயிர் நுனி கருகிச் செத்தது, நிலத்தில் வெள்ளை பூத்தது. கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. பறக்கத்தைப் பற்றிக் கதைத்த வாய்களில் ஒன்றாவது அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

நான் கேட்டேன். மாரி மழையில் நிந்தவூர் வட்டையின் வயல் முழுக்க வெள்ளம் நின்றால், கடற்கரை மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்று பெயர். இரண்டு வருடமும் வெட்டிய மறுவாரம்தான் என் வயலில் கடல் நண்டு ஓடியது. வெள்ளம் வடிந்த வழியாலேயே கடல் உள்ளே வந்திருக்கிறது. என் காணி கடலை விடப் பதிவு, பள்ளம்.

மூன்றாம் வருடம், ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாரியிலும் வெள்ளம் வந்தது. பயிர் போய்விட்டது, அது போகட்டும். ஆனால் அந்த மழைதான் மண்ணிலிருந்த உப்பைக் கழுவியிருந்தது. வரும் கோடையில் சிறுபோகத்துக்கு விதைக்கலாம். இன்னொரு தரம் கடல் ஏறினால் நானும் என் இரண்டு பெட்டைகளும் அந்தக் காணியை மறந்துவிட வேண்டியதுதான்.

வயல் வேலைகளுக்குப் பொறுப்பான வட்டை விதானை மீராசாவிடம் போய்ச் சொன்னேன். அவரிடம் ஒரு கடதாசி இருந்தது. கோடையில் லெவல் பிடித்து நில உயரம் அளக்க வந்த கந்தோர்க்காரர்கள் சொன்ன கணக்கை ஏணி மாதிரிக் கீறி வைத்திருந்தார். அடியில் கடல், சைபர். அதற்கு மேலே ஒன்று, இரண்டு என்று ஆட்களின் காணிகள். என் பெயர் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே, ஒன்றில்.

"பாரு புள்ள. உன்ட காணியும் ஒண்டு, என்ட காணியும் ஒண்டு. எனக்கு வடியிற தண்ணி உனக்கு வடியாதா?"

"லெவல்காரன் எனக்கு முன்னால மேல ஒண்டு எண்டா சொன்னான்? கீழ ஒண்டு எண்டுதானே சொன்னான்?"

"அவனுக்கு விசர். சைபர் எண்டா ஒண்டுமில்ல. ஒண்டுமில்லாததுக்குக் கீழ என்ன இரிக்கி?"

"என்ட காணி இரிக்கி!" என்றேன். அவர் சிரித்தார். நாளைக் காலை வெட்டு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

என் காக்கா, மூத்த சகோதரன் சீனிமுகம்மது, மீன்பிடிகாரன். அவரைப் பின்னேரமே மணல்மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடல் பக்கம் ஒரு குழி தோண்டினோம். அலை அடித்தாலும் குழிக்குள் தண்ணீர் ஆடாமல் கடல் மட்டத்தில் நின்றது. ஒரு போத்தலில் பாதி தண்ணீர் விட்டு, பலகையில் கிடத்தி மட்டம் பார்த்து, பலகை பலகையாக மேட்டைக் கடந்தோம். வெள்ளம் கடலை விட இரண்டடி உயரத்தில் நின்றது. பிறகு நான் என் வயலுக்குள் இறங்கி அளந்தேன். மூன்றடித் தண்ணீர்.

காலையில் முப்பது பேர் மண்வெட்டியோடு வந்தபோது, வெட்டுகிற இடத்தில் நான் சம்மணம் கட்டி இருந்தேன்.

"ஒழும்பு புள்ள! பொம்புளயோட கைகலக்க ஏலா எண்ட தைரியமா?" என்றார் மீராசா.

"அதேதான். முதல்ல இதப் பாருங்க."

பக்கத்தில் ஒரு கமுகஞ்சலாகையை நட்டிருந்தேன். நடுவில் ஓர் ஆணி. மேலும் கீழும் அடிக்கு ஒரு கரிக்கோடு.

"இந்த ஆணி கடல். வெள்ளம் ஆணிக்கு மேல ரெண்டு. தேங்கின தண்ணி வட்டை முழுக்க ஒரே மட்டம், ஓமா இல்லியா? ஆணிக்கு மேல ரெண்டில இருந்து உங்கட வயல் தண்ணியக் கீழ இறக்குங்க, உங்கட நிலம் வரும். விதானையார், உங்கட வயல்ல எவ்வளவு?"

"ஓரடி" என்றார், வேண்டாவெறுப்பாக.

"ரெண்டில ஒண்டு போக, ஆணிக்கு மேல ஒண்டு. எனக்கு மூண்டு. ரெண்டு இறங்கினா ஆணி, இன்னும் ஒண்டு இறங்கணும்." என் விரல் ஆணியைத் தாண்டிக் கீழே போய் நின்றது. "உங்கட ஒண்டு அங்க, என்ட ஒண்டு இங்க. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டடி கிடக்கு. வெள்ளம் ஆணியோட நிண்டிரும். அதுக்குக் கீழ கிடக்கிற எனக்குக் கடல்தான் வரும்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். "பறக்கத் இல்லாத காணிக்கு ஆணி அடிச்சிப் பாக்கிறா" என்று ஒரு குரல். எனக்குக் கண் கலங்கியது, ஆனாலும் எழும்பவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் தண்ணீரைச் சலாகையில் இறக்கிப் பார்த்தார்கள். அரையடிக்காரன், முக்காலடிக்காரன், எல்லாரும் ஆணிக்கு மேலே. எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. கடைசியாக அப்துல் ஹமீட் வந்தார். பறக்கத் கதையை ஊருக்குள் அதிகம் பரப்பியவர் அவர்தான்.

"எனக்கு ரெண்டரை" என்று விரலை இறக்கினார். விரல் ஆணியைத் தாண்டி அரையடி கீழே போனது. திரும்பவும் மேலிருந்து எண்ணினார். திரும்பவும் கீழேதான்.

"யா அல்லாஹ்... போன வருசம் என்ட மூலைக்காணி கருகினதும் இதாலதானா?"

"உங்களுக்கும் பறக்கத் இல்லப் போல காக்கா" என்றேன். விடுவேனா?

மனிதர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து மணலில் குந்தினார். ஒரு விதவையைத் தூக்கிப் போடுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்த மீராசாவுக்கு இப்போது இரண்டு பேர்.

"இப்ப என்னதான் செய்யணும் எண்டுறாய்? ஊர் வேளாண்மை அழுகட்டுமா?"

"ஆர் அழுகச் சொன்ன? வெட்டுங்க. அதுக்கு முதல் வெள்ளத்தில உடைஞ்ச எங்கட ரெண்டு பேர்ர வரம்பையும் அடைச்சி, ஆணிக்கு மேல ஓரடி உசத்துங்க. இந்த முப்பது பேரும் வரணும். நீங்களும்தான்."

வந்தார்கள். பகல் முழுக்கச் சாக்கில் மண் நிரப்பி, இடுப்பளவு தண்ணீரில் நின்று அடுக்கினார்கள். பின்னேரம் ஆற்றுவாயை வெட்ட, வெள்ளம் இரைந்துகொண்டு கடலுக்கு ஓடியது.

நான்காம் நாள் மீராசா என் வரம்பில் வந்து நின்றார். வாய்க்கால் பக்கம் கையை விட்டு நாக்கில் வைத்தவர், தூ என்று துப்பினார். உப்பு. வயல் பக்கம் அள்ளிக் குடித்தார். இன்னொரு கையும் அள்ளினார்.

பிறகு மடியிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்தார். என் பெயரை ஒன்றிலிருந்து வெட்டினார். பென்சிலைக் கீழே கொண்டுபோனார், நின்றார்.

"உன்னப் போட இடமில்லியே புள்ள. சைபரோட கடதாசி முடிஞ்சி போச்சி."

"கடதாசிதான் முடிஞ்ச. என்ட காணி முடியல்ல. இன்னொண்ட ஒட்டுங்க."

அன்றிரவு சோற்றுப் பசையில் ஒட்டினாராம். சைபருக்குக் கீழே, அரையில் அப்துல் ஹமீட், ஒன்றில் நான். சிறுபோகம் வந்ததும், வயலில் நின்ற தண்ணீர் வற்ற, நான் விதை நெல் ஊறப்போட்டேன்.