கருமாதிச் சத்தியம்

பனி இறங்கிவிட்டால் மிளகுத் தோட்டத்தில் மரம் தெரியாது, ஏணி தெரியாது. குரல்தான் தெரியும். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிமீது ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்குப் பையோடு ஆண்கள் ஏறுவார்கள். பெண்கள் அடியில் நின்று ஏணியை இறுக்கிப் பிடிப்பார்கள். மேலே போனவர்கள் அவ்வப்போது ஒருவர் பின் ஒருவராக "கூ" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால் ஆள் பத்திரம்.

பெருமாயி அன்று விடியலில் சின்னுசாமியின் ஏணியைப் பிடித்திருந்தாள். ஈர மூங்கில் வழுக்கியது. விரல்கள் மரத்துப்போயிருந்தன. தெற்கு மூலையிலிருந்து ஒரு "கூ" வந்தது. பக்கத்து மரத்திலிருந்து இன்னொன்று. பிறகு ஒரு மூச்சு நேரம் தோட்டமே அடங்கிக் கிடந்தது.

அது சென்றாயனின் முறை. அவன் செத்த பிறகும் அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை விட்டுவிட்டுத்தான் சின்னுசாமி கூவினான். அந்த இடைவெளியில் பனிக்குள் எங்கோ ஒரு கொடி அசைந்தது. காற்று இல்லை. பெருமாயி நிமிர்ந்து பார்க்கவில்லை.

மிளகு விலை இறங்கிவிட்டது என்று தோட்டக்காரர் வெங்கிடுசாமி போன பருவத்தில் கூலியைக் குறைத்தார். அதோடு, இரண்டு ஏணிக்கு ஒருத்தி போதும் என்று பாதிப் பெண்களை நிறுத்தினார். பெருமாயி ஓர் ஏணியைப் பிடித்திருக்கும்போதுதான் பிடிக்க ஆள் இல்லாத இன்னோர் ஏணி சரிந்தது. விழுந்த சென்றாயன் எழுந்து உட்கார்ந்தான். அடி பலமில்லை என்று சொல்லி மேஸ்திரி பூபதி அவனை வீட்டுக்கு அனுப்பினான். சாயங்காலம் வாயில் ரத்தம் வந்தது. கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊருக்கென்று வந்த தார் ரோடு வெங்கிடுசாமியின் தோட்டத்து கேட்டோடு நின்றுபோயிருந்தது. அந்த கேட்டுக்குப் போய்ச் சேருமுன் கட்டில் கனத்துவிட்டது.

கருமாதிக்கு வெங்கிடுசாமி அரிசியும் கிடாயும் அனுப்பினார். ஊரே சாப்பிட்டது. கை கழுவிய ஈரம் காயுமுன் எல்லோரையும் பெரியசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய், வரப்போகிற தேர்தலில் தன் ஆளுக்கே ஓட்டு என்று கற்பூரத்தின்மேல் கை வைக்கச் சொன்னார். துக்கத்தில் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. சென்றாயனின் மனைவி அம்சவேணிகூட, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் கையை நீட்டினாள்.

இப்போது தேர்தல் வந்துவிட்டது. வார்டு மெம்பருக்கு வெங்கிடுசாமியின் ஆளாக நிற்பவன் மேஸ்திரி பூபதி. எதிர்த்து நிற்பவள் அம்சவேணி. சின்னம் சீப்பு. அவளை நிற்கச் சொன்னவள் பெருமாயி.

பனி விலகும் நேரத்தில் ஜீப் வந்தது.

"ஏம்புள்ள பெருமாயி, சீப்பாமே? எந்தத் தலையச் சீவப் போறீங்க?" என்றார் வெங்கிடுசாமி.

"சிக்கு எங்க இருக்குதோ அங்கதானுங்க."

மேலே மரத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"வாய் நீளுது. கருமாதிச் சோறு தின்னுட்டுக் கற்பூரத்துல கை வெச்சது மறந்து போச்சா?"

"மறக்கலீங்க. சோறு போட்டது புண்ணியந்தானுங்க. ஆனா சோறு போட்ட கை கயித்தையும் கூடவே கொண்டாந்துருச்சுங்களே."

"மெம்பராகி அவ வந்து உனக்கு ஏணி புடிப்பாளா?"

"ஊருக்குள்ள ரோடு கேப்பாளுங்க. எங்களுக்குன்னு ஒருத்தி முன்னால நின்னா, ஏணிக்கு ஒரு ஆளும் பழைய கூலியும் கேக்க நாங்க பின்னால நிப்போமுங்க. இத்தன நாளா ஒத்தையா வந்து கேட்டோம், ஒத்தையாவே திரும்பிப் போனோம்."

வெங்கிடுசாமியின் முகம் கறுத்தது. "இனி நீ வேலைக்கு வர வேண்டாம். இப்பவே போ."

"அண்ணன் எறங்கட்டுமுங்க, போறேன்," என்றாள் பெருமாயி. ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை. சின்னுசாமி கடைசிக் கணுவைத் தாண்டித் தரையில் கால் வைத்த பிறகே நகர்ந்தாள். பூபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று முதல் அவள் வீடு வீடாகப் போனாள். போன இடத்தில் எடுத்தவுடன் ஓட்டைப் பற்றிப் பேசவில்லை. முதல் வீட்டில் பாவாயி தோள் வலியோடு சாமை குத்திக்கொண்டிருந்தாள். பெருமாயி உலக்கையை வாங்கித் தானே குத்தி முடித்தாள். புடைத்தும் கொடுத்தாள். பிறகுதான் ஓட்டுக் கேட்டாள்.

பாவாயி பெருமூச்சு விட்டாள். "எனக்கு மட்டும் ஆசையில்லையா கண்ணு? பொட்டிக்குள்ள போடறத வெங்கிடுசாமி பாக்கமாட்டான். பெரியசாமி பாப்பாரே!" குரலைத் தாழ்த்தினாள். "பொழுது சாஞ்சா தோட்டத்துப் பக்கம் கூக்குரல் கேக்குது. சென்றாயன் அடங்கல. அவன் கருமாதியில பண்ணின சத்தியத்த மீறினா ஊட்டுக்குள்ளயே வந்துருவான்."

எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். சின்னுசாமி வெளியே வரவே தயங்கினான். "எம்புள்ளைக்குக் காய்ச்சல், பெருமாயி. சாமி குத்தம் ஆயிருமோன்னு பயமா இருக்குது."

பெருமாயிக்கும் பயம்தான். அவளும் கை வைத்தவள்தானே. அந்திப் பனியில் அவளும் ஒரு குரலைக் கேட்டிருந்தாள். அது நரியா, ஆளா என்று நின்று பார்க்கத் துணிவில்லாமல் நடந்து வந்திருந்தாள்.

அம்சவேணி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். "ஒதுங்கிக்கறேன் அக்கா. ஊரே பயந்து கெடக்குது."

"உனக்குப் பயமில்லையா?"

"அவரு வந்தா எங்கூட்டுக்குத்தானே மொதல்ல வரணும்? ஒரு நாளாவது வருவாருன்னு கதவத் தொறந்து வெச்சுத்தான் படுக்கறேன். வரவே இல்லியே அக்கா."

பெருமாயி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இப்படி ஏங்கவைத்துவிட்டுப் போன நல்லவனை, ஊரைப் பயமுறுத்தும் பேயாக்கிவிட்டதே ஒரு சத்தியம் என்று நினைத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏழையின் துக்கத்தை ஏமாற்றி வாங்கிய வாக்கைப் பெரியசாமி காவல் காப்பாரா? காக்கமாட்டார் என்றே அவள் நம்பினாள். ஆனால் நம்பிக்கையைச் சொல்லிப் பயத்தை விரட்ட முடியாது. பயத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்டவர் நோயில் விழுந்தால், உடன்பிறந்தவர் கோயிலில் கை நீட்டி அந்தக் கடனை வாங்கித் தன்மேல் ஏற்றுக்கொள்ளலாம்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் பெருமாயி குளித்து, ஈரப் புடவையோடு பெரியசாமி கோயிலில் போய் நின்றாள். பள்ளிக்கூடத்து ஓட்டுச் சாவடிக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். முதலில் பாவாயி வந்தாள்.

பெருமாயி அவள் முன்னால் இரண்டு கையையும் ஏந்தினாள். "அக்கா, உங்க சத்தியத்த எங்கிட்டக் குடுத்துருங்க. மீறினதால வர்ற குத்தம் என்னோடது. சாமி சாட்சி."

பாவாயி திகைத்தாள். "அடி பாவி! உனக்கும் புள்ளகுட்டி இருக்குதே!"

"இருக்கட்டும் அக்கா. குடுங்க."

பாவாயி மெல்ல அந்த உள்ளங்கைகளில் தன் கையை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. "சரி. அப்ப உன்னோடத யாரு ஏத்துக்கறது? எங்கிட்டக் குடு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கி மற்றவளிடம் கை நீட்டினாள். "உன்னோடத நான் வெச்சுக்கறேன்." சிலர் அழுதார்கள். "எங்கூட்டுக்காரரோட சத்தியம் ரொம்ப கனமுங்க, ரெண்டு பேரா வாங்க!" என்று ஒருத்தி சொல்ல, அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. நாலைந்து பேர் மட்டும் தலை குனிந்து விலகிப் போனார்கள். யாரும் அவர்களை ஏசவில்லை.

சின்னுசாமி கோயில் முன்னால் நட்டிருந்த வேல்களுக்கு அருகே தனியாக நின்றான். அம்சவேணி அவனிடம் போனாள்.

"அண்ணா, உங்களோடத எங்கிட்டக் குடுங்க. எங்கிட்டருந்து எடுத்துக்க இனி சாமிக்கு என்ன இருக்குது?"

அவள் நீட்டிய கையை அவன் பார்த்தான். தாலி இழந்த கழுத்தைப் பார்த்தான்.

"வேண்டாம் கண்ணு. உம்மேல இனி ஒண்ணும் ஏத்தமாட்டேன். என்னோடத நானே சுமந்துக்கறேன். வா, போலாம்."

கீழே கேட்டருகே ஓட்டுப் போடுகிறவர்களை ஏற்றிப்போக ஜீப் நின்றது. பூபதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறுங்க, ஏறுங்க, நடந்தா நேரமாயிரும்!" என்று கூப்பிட்டான். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்பதுபோல அவர்கள் அவனைக் கடந்து நடந்தார்கள். பாவாயியால் வேகமாக நடக்க முடியவில்லை. அதனால் எல்லோரும் அவள் நடைக்கே நடந்தார்கள்.